சோடி பிரிந்த கொக்கு

சவப்பெட்டியை மூடுவதற்கு முன், தாலியைக் கழற்றிப் புருசனோடு வைக்க யோகராணி பிடரிக்குக் கையைக் கொண்டுபோனபோதுதான் ஏகாம்பரம் கிட்ட வந்து குனிந்தார்.

"தங்கச்சி, உந்தக் கொக்கை மட்டும் என்னட்டைத் தாரும்."

செத்துக் கிடக்கும் பத்மநாதனின் முதலாளி அவர். பழைய ஜப்பான் வாள்களின் பிடியில் பதித்திருந்த சின்னச் சின்ன உலோக உருக்களை ஏலத்தில் எடுத்து, தோடும் பதக்கமுமாக்கி விற்கிறவர். புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் இருந்த அவருடைய பட்டறையில் பத்மநாதன் பதினொரு வருசம் சாமண இடுக்கியும் கையுமாகக் கிடந்தான்.

தை மாதம், சண்டைக்குள் சிக்கிய வன்னிச் சனத்துக்கென்று யோகராணி தன் பவுண் தாலியைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். வெறுங்கழுத்தைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. வாள்பிடியில் இருந்து வந்த சோடிக் கொக்கில் ஒன்று பட்டறைச் சூட்டில் விரிசல்விட, "குப்பை, நீரே வைச்சிரும்" என்று ஏகாம்பரம் தள்ளிவிட்ட அந்தக் கொக்கை ஒட்டவைத்து, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டான்.

"சண்டை முடிஞ்சு வாளைக் கீழை வைச்சவங்கடை சாமான்," என்று சிரித்தான்.

திங்கட்கிழமை இங்கே லீவு நாள். வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது. அவனுடைய தமக்கையும் பிள்ளைகளும் அதற்குள்தான். போராட்டம் செய்யும் சனத்தோடு றோட்டில் போய் நிற்கக் கேட்டவனிடம், "நகை ஓடரை முடிச்சிட்டுப் போமன்" என்றார் ஏகாம்பரம். பின்னேரம் மேசையிலேயே கவிழ்ந்துவிட்டான்.

"கஸ்டமர் சோடியாத்தான் கேக்கிறான். பழம்பொருள், எரிஞ்சால் திரும்ப வராது தங்கச்சி."

"அவர் எரிஞ்சால் வருவாரோ?"

மகள் சிவானி தோளைப் பிடித்தாள். "அம்மா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்! தமக்கை இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாமல் இவரின்ரை மேசையிலை விழுந்து செத்த மனுசன். அண்ணை, நீங்கள் போட்ட அந்த மாலையையும் மறக்காமல் கழட்டிக்கொண்டு போங்கோ."

ஏகாம்பரம் நெற்றியைத் துடைத்தார். "கோவிக்காதையும். உதுக்குப் பதிலாப் பவுணிலை ஒரு தாலி நான் செய்து தாறன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுற்றி நின்ற பெண்களின் அழுகை சட்டென்று நின்றுபோனது.

யோகராணி கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். புருசனின் சால்வையை விலக்கி, கொக்கோடு தாலியை அவன் நெஞ்சில் வைத்து, மேலே சால்வையை இழுத்து மூடினாள்.

எரிக்கும் அறை வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பேப்பரோடு நின்றாள். உடம்போடு உலோகம் ஏதும் போகிறதா என்று மெல்லக் கேட்டாள். சிவானி தாயைப் பார்த்தாள். பின்னால் நின்ற ஏகாம்பரமும் பார்த்தார்.

"நோ," என்றாள் யோகராணி.

பேனையை வாங்கி, அந்தப் பெண் காட்டிய இடத்தில், அழுத்தி, தமிழில் கையெழுத்துப் போட்டாள்.