அண்ணன் புத்தகம்

"பத்து மார்க் கேள்விக்கு முட்டை, அதுலயே பெயில். இவளுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நாளையிலேர்ந்து தையல் மிஷின்ல உக்காரட்டும்" என்று அப்பா வரலாற்று விடைத்தாளைச் சாப்பாட்டுத் தட்டருகே வீசினார்.

மகள் நிமிரவில்லை. பள்ளிச் சீருடை தைத்துக் குடும்பத்தைத் தாங்கும் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஒருவரைப் பற்றிய கேள்வி. 'உழைப்பவரின் உரிமையைப் பெற்றுத் தந்த தியாகி' என்று மகள் எழுதியிருந்தாள். குறுக்கே சிவப்புக் கோடு, ஓரத்தில், 'தவறு. நாட்டின் வளர்ச்சியைக் கெடுத்த கலகக்காரர்.'

அம்மா அலமாரியைத் திறந்தாள். மகனின் விடைத்தாள்கள் நகைகளோடு நகையாகப் பூட்டியிருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தாளை உருவினாள். அதே கேள்வி. எழுத்துக்கு எழுத்து அதே பதில். பத்துக்குப் பத்து. 'மிக நன்று' என்று அதே வாத்தியாரின் கையெழுத்து. செத்து அறுபது வருடமான மனிதர் இந்த நான்கு வருடத்தில் கெட்டுப்போயிருந்தார்.

"பொண்ணுக்கு எதுக்குப் புதுப் புஸ்தகம், அண்ணனோடது போதும்னு சொன்னது யாரு?"

"வரலாறு எப்படிடி மாறும்? நடந்தது நடந்ததுதான?"

"நடுவுல எலெக்‌ஷனும் நடந்துச்சே."

அப்பா சோற்றைப் பிசைந்தார். "எப்படியோ, பெயில் பெயில்தான்."

"மிஷின் என்னோடது. அதுல யாரு உக்காரணும்னு நான் சொல்றேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அம்மா நீட்டிய இரண்டு தாள்களையும் வாத்தியார் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டுமே சரிதாம்மா. அப்ப அது சரி, இப்ப இது சரி."

"உங்களுக்கு எது சரின்னு படுது சார்?"

"எனக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கும்மா" என்றார் அவர். "மறுபரீட்சை வருது. புதுப் புஸ்தகத்தைப் படிக்கச் சொல்லுங்க."

வரும் வழியிலேயே அம்மா புதுப் புத்தகம் வாங்கினாள். வீட்டில் அண்ணன் புத்தகத்திலிருந்து அந்தப் பாடத்தை வெட்டியெடுத்து, புதுப் பாடத்துக்கு எதிரே கோணூசியால் தைத்தாள்.

"இதுல எதைப் படிப்பா?" என்றார் அப்பா.

"பரீட்சைக்கு இதை. மத்ததுக்கு அதை."

தையலோரம் ஒரு துண்டுத் துணி மடிந்து நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். "இது எதுக்கு?"

"வளர்ற புள்ளைங்க பாவாடையில உள்மடிப்பு விடுவோம்ல, அப்புறம் பிரிச்சுக்கறதுக்கு" என்று அம்மா நூலைக் கடித்து அறுத்தாள். "அடுத்த ஆட்சி வந்தா அவங்க பாடத்தையும் சேத்துத் தைக்கணும்."