பெல்வெடியரின் மூக்கடியில் ஒரு கோப்பை தேநீர்

முன்னால் ஒரு சுழலி, பின்னால் ஒரு சுழலி, நடுவில் ரயில் பெட்டி போல நீண்ட வயிறு. முன்கால்கள் மட்டும் நெட்டை என்பதால் பெல்வெடியர் எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். பார்க்கிறவர்கள் கோணல் என்பார்கள். ஐந்து வருடம் அதைத் துடைத்து எண்ணெய் விட்ட வில்ஃப் டிங்க்நெல்லுக்கோ அதைவிட அழகான ஹெலிகாப்டர் உலகத்திலேயே கிடையாது.

இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரை ஊரில் உள்ள ஹெலிகாப்டர் காட்சிக்கூடத்தில் அந்த மார்ச் ஞாயிறன்று பெல்வெடியரின் விமானி அறையைப் பார்வைக்குத் திறந்துவிடப்போகிறார்கள். ஒரு காலத்தில் அதை ஓட்டிய ஹியூபர்ட் லாப்தார்னும் வருகிறார். இருவரும் முப்பது வருடமாக வியாழன்தோறும் ஒன்றாக உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் அங்கே போகும் வழியெல்லாம் வில்ஃப் கார் ரேடியோவைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார்.

"இன்னிக்காவது அவர்கிட்ட சொல்லுவீங்களா, இல்ல கல்லறைக்குக் கூடவே எடுத்துட்டுப் போறதா உத்தேசமா?" என்றாள் மனைவி ஈனிட்.

"சொன்னா மனுஷன் என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டார்டி."

"முழிக்கலைன்னா போகட்டும். வியாழக்கிழமை மீனுக்கு நான் வர்றேன்."

விஷயம் அரபு நாட்டு ஏடனில் இருவரும் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த காலத்தது. பெல்வெடியரின் எஞ்சினைக் கிளப்பும் திரவம் ஒரு முன்கோபி. படாரென்று வெடித்துத்தான் கிளம்பும், சில நாள் தீயும் பிடிக்கும். அதனால் விமானிகள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவார்கள். புகை தெரிந்தால் முதலில் குதி, பிறகு யோசி என்பது அவர்களுடைய வழக்கம்.

ஏடனுக்கு வடக்கே, தாலா மலைமேட்டில் ஒரு ஜனவரி விடியல். எலும்பைக் குடையும் குளிர். கிளம்பும் முன் விமானிக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுப்பது தரைப்பணிக்காரன் வேலை. காற்று படாத ஒரே இடம் அந்தத் தூக்கிய மூக்கின் அடிதான். தகர டப்பாவில் மணலைக் கொட்டி, பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்து, வில்ஃப் அங்கேயே தண்ணீரைக் கொதிக்கவிட்டார். அதற்குள் ஹியூபர்ட் மேலே ஏறிவிட்டார். வில்ஃப் டப்பாவை அவசரமாகப் பூட்ஸ் காலால் அமுக்கி, அணைந்துவிட்டது என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அணையவில்லை. எஞ்சின் படாரென்றது, டப்பா மறுபடி பற்றியது, கரும்புகை ஜன்னலோரமாக மேலே போனது. ஹியூபர்ட் பத்தடி உயரத்திலிருந்து குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மற்றவர்கள் ஓடி வருவதற்குள் வில்ஃப் டப்பாவை மணலில் புதைத்துவிட்டார். ஊரில் ஈனிட் நிறைமாதக் கர்ப்பிணி. வேலை போனால் என்ன செய்வது?

பிரித்துப் பார்த்தபோது எஞ்சினில் துளி கரி இல்லை. ஒன்றுமில்லாததற்குக் குதித்தவர் என்று ஹியூபர்ட்டுக்குக் கங்காரு என்ற பெயர் நிலைத்துவிட்டது. வருடங்கள் கழித்து, குற்ற உணர்ச்சியில்தான் வில்ஃப் அவரைத் தேடிப்போய்ப் பழகினார். பிறகு உண்மையிலேயே பிடித்துப்போனது. அதனாலேயே சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

காட்சிக்கூடத்தில், ஏடனில் அவர்களோடு இருந்த பழைய மெக்கானிக் சிரில் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "வாங்க கங்காரு! உங்களுக்காகவே ஏணி போட்டிருக்கோம். இறங்கும்போது குதிச்சுடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹியூபர்ட்டும் சிரித்தார். அவருடைய காது சிவந்ததை வில்ஃப் மட்டும்தான் பார்த்தார்.

ஹியூபர்ட் மெதுவாக ஏறி விமானி இருக்கையில் உட்கார்ந்தார். வில்ஃப் கீழே, அன்று நின்ற அதே இடத்தில் நின்றார்.

"சார், அன்னிக்குப் புகை இருந்துச்சு."

ஜன்னல் வழியே வெள்ளை முடித் தலை எட்டிப் பார்த்தது. "என்ன சொன்னே?"

"நீங்க பார்த்தது நிஜம் சார். மூக்கடியில டீ போட்டேன். அணைஞ்சுடுச்சுன்னு நினைச்சுட்டேன். அப்புறம் பயந்துபோய் டப்பாவைப் புதைச்சுட்டேன்."

ஹியூபர்ட் ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நரம்புத் தளர்ச்சின்னு டாக்டர் எழுதினார்," என்றார். "போகப் போக எனக்கே கண்ணு பொய் சொல்லிடுச்சுன்னு தோணிடுச்சு. கண்ணை நம்பாதவன் பறக்கக்கூடாதுன்னுதான்டா நான் வேலையை விட்டேன்."

"தெரியாது சார். சத்தியமா அது தெரியாது." வில்ஃப் அண்ணாந்து பார்த்தார். "கோபமா சார்?"

"கோபம்தான். ஃப்ளாஸ்க் கொண்டு வந்திருக்கியா?"

வில்ஃப் ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேநீரை ஊற்றி, எட்டிய மட்டும் தூக்கிப் பிடித்தார். குளிர்ந்த கூடத்தில் ஆவி ஜன்னலோரமாக மேலே போனது. ஹியூபர்ட் இமைக்காமல் அதைப் பார்த்தார்.

"இது வெள்ளையா இருக்கு. அன்னிக்குக் கருப்பு."

"பெட்ரோல் சார்."

"அதானே! கருப்புதான்! எனக்குத் தெரியும்!" ஹியூபர்ட் கூடமே அதிரக் கத்தினார். "சிரில்! இங்க வாடா. வில்ஃப், இப்பச் சொன்னதை மறுபடி சொல்லு. சத்தமா."

வில்ஃப் ஒன்றுவிடாமல் சொன்னார். சிரில் வாயைப் பிளந்தவர் மூடவில்லை. ஹியூபர்ட் ஒவ்வொரு படியாக, ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி இறங்கிவந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து தேநீருக்குக் கை நீட்டினார்.

"வியாழக்கிழமை சீக்கிரமே வந்துடு. கோபத்தை அன்னிக்கு வச்சுக்கலாம்," என்றார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, அன்னிக்கு டீ போட்டியே, அது யாருக்குடா?"

"உங்களுக்குத்தான் சார்."