தூங்குமூஞ்சியும் மாமியாரும்

பஸ்ஸை எடுத்து ஒரு தெருகூடத் தாண்டவில்லை, அதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"ஓட்டுநரே, நீங்கள் தூங்குகிறீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி ஓய்வெடுக்கவும்."

"முதல்ல நீ ஓய்வெடு தாயே," என்றார் டிரைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மாமியார் என்பது ஸ்டியரிங்குக்கு மேலே, முன்கண்ணாடியை ஒட்டி மாட்டியிருந்த கேமராவுக்கு டிப்போவில் வைத்த பெயர். உள்ளங்கை அளவுகூட இருக்காது. ஓட்டுகிறவர் முகத்தையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் மூடினால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். கத்திய கையோடு ஆபீசுக்கும் கோள் சொல்லிவிடும். மற்ற டிரைவர்களிடம் அது வாயே திறப்பதில்லை. இவர் வந்து உட்கார்ந்தால் மட்டும் அதற்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ தெரியாது.

இவர் கண் அப்படி. மேல் இமை இரண்டும் பிறந்ததிலிருந்தே பாதிக் கண்ணை மறைத்தபடி தொங்கும். நோய் நொடி ஒன்றுமில்லை. அப்பாவிடமிருந்து வீடு வரவில்லை, வாசல் வரவில்லை, இது மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் 'தூங்குமூஞ்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியார் பாதிப் பாடத்தில் சாக்பீஸை எறிவார். இவர் எழுந்து அதுவரை நடத்திய பாடத்தை அப்படியே ஒப்பிப்பார். கொஞ்ச நாளில் வாத்தியாருக்கு எறிந்து அலுத்துவிட்டது. கல்யாணப் பேச்சு நடந்தபோது முதல்முறை பெண் வீட்டுக்குப் போனார். நிஜ மாமியார் உள்ளே திரும்பி, "பாவம், களைச்சுப் போய் வந்திருக்காரு, ஒரு தலகாணி எடுத்துப் போடுங்க" என்று சொன்னது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. காபி டம்ளர் காலியாவதற்குள் அந்த அம்மாளுக்கே விஷயம் புரிந்துபோயிற்று. அதற்கப்புறம் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மனிதர்கள் தப்பாக நினைப்பார்கள், பழகினால் திருத்திக்கொள்வார்கள். இந்த மாமியார் நாள் முழுக்க முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இவரை இப்போதுதான் புதிதாகப் பார்க்கிறாள்.

"ஓட்டுநரே, நீங்கள் தூங்குகிறீர்கள்."

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். தினமும் இதே பஸ்ஸில் வருகிறவர்தான்.

"டிரைவர் சார், ஓரமா நிறுத்திட்டு மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. லேட்டானா பரவாயில்ல."

"நான் தூங்கல சார். உங்ககிட்டதானே பேசிட்டு இருக்கேன்?"

"தூக்கத்துல பேசுறவங்களும் இருக்காங்க."

"தூக்கத்துல கியர் போடுறவங்க இருக்காங்களா சார்?"

"அட, கோவப்படாதீங்க. மெஷின் சும்மா சொல்லுமா?"

அடுத்த ஸ்டாப்பில் ஒரு பெண், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவசர அவசரமாக இறங்கினாள். அவள் இறங்க வேண்டிய இடம் இன்னும் வெகுதூரம். வெயிலில் நின்று அடுத்த பஸ் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினாள். டிரைவருக்கு அவமானத்தில் காது சுட்டது. இத்தனை வருஷத்தில் இந்த வண்டியில் ஒரு சின்னக் கீறல் விழுந்ததில்லை.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கேமரா கம்பெனியிலிருந்து வந்த இளைஞரும் பக்கத்தில் இருந்தார்.

"நேத்து ஒரு நாள்ல மட்டும் நூறு தடவைக்கு மேல தூங்கியிருக்கீங்க," என்றார் மேனேஜர், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி.

"நூறு தடவை தூங்கினவன் வண்டியை எப்படி சார் முழுசா கொண்டுவந்து நிறுத்தினேன்?"

"அதத்தான் நானும் யோசிச்சேன்."

"யோசிச்சு?"

"யோசிச்சு என்ன பண்றது? ரிப்போர்ட் அப்படித்தானே வருது."

டிரைவர் பையிலிருந்து கண் டாக்டரின் சர்டிபிகேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பார்வை அருமையாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். மேனேஜர் அதை மரியாதையாகப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நான் நம்புறேன். மெஷின் இதப் படிக்காதே."

கேமரா இளைஞர் நல்ல பிள்ளை. பதமாகத்தான் விளக்கினார். "அண்ணே, இதுக்கு ஆயிரக்கணக்கான முகத்தைக் காட்டித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. எது முழிச்ச கண்ணு, எது தூங்குற கண்ணுன்னு. அதுல உங்கள மாதிரி கண்ணு ஒண்ணுகூட இல்ல போல."

"அப்ப என் கண்ணையும் காட்டிச் சொல்லிக் குடுங்க தம்பி."

"இங்க முடியாதுண்ணே. மேல சொல்லியிருக்கேன்."

"எப்ப ஆகும்?"

"ஆகும்." கொஞ்சம் தயங்கினார். "அதுவரைக்கும் நீங்க கண்ணைக் கொஞ்சம் பெருசாத் திறந்து வெச்சுக்கிட்டா..."

டிரைவருக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவுதான் கண், இதற்குமேல் திறக்க இதென்ன ஜன்னலா?

மேனேஜர் முடிவாகச் சொன்னார். நாளை ஒரே ஒரு நாள் எச்சரிக்கை இல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பயணிகள் வண்டி கையைவிட்டுப் போய்விடும், யார்டுக்கு மாற்றிவிடுவார்கள். யார்டு என்றால் காலி பஸ்ஸைக் கழுவுகிற இடத்துக்கு ஓட்டிப்போவதும், கழுவியதைத் திரும்ப வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவதும்தான். ஆள் ஏறாத, ஆள் இறங்காத ஓட்டம்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி, முதலில் கேமராவை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். பிறகு யோசித்தாள். அவள் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறவள். கண் சின்னதாக இருக்கும் மணப்பெண்களுக்கு இமைமேல் ஒட்டித் தூக்கிவிட மெல்லிய டேப் ஒன்று உண்டு. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது.

"போட்டோ எடுத்து முடியற வரைக்கும் தாங்கும்ங்க. நாள் பூரா போட்டதில்ல."

"ஒரு நாள்தானே," என்றார் அவர்.

காலையில் இரண்டு இமையையும் தூக்கி ஒட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது, பேயைப் பார்த்தவன் முகம் மாதிரி இருந்தது. மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அதே கண், அதே இமை. குடும்பச் சொத்தின் அடுத்த வாரிசு.

"அப்பா, யாரோ மாதிரி இருக்கீங்க," என்றாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அன்று மாமியார் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தாள். முதல் நடை முடிந்ததும், கேட்காமலே வாயைத் திறந்து, "நீங்கள் விழிப்புடன் ஓட்டுகிறீர்கள். நன்றி" என்றாள். கண்ணாடிக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டிரைவருக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இரண்டாவது நடையில் கண் எரிய ஆரம்பித்தது. சரியாக இமைக்க முடியாத கண் காய்ந்து, உறுத்தி, பிறகு பொலபொலவென்று கண்ணீரைக் கொட்டத் தொடங்கியது. சட்டைக் கையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வழிந்தது. எதிரே வரும் வண்டிகளெல்லாம் தண்ணீரில் கரைந்தன. சிக்னல் சிவப்பா பச்சையா என்று, முன்னால் போன வண்டி நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். ஒரு நாள்தானே, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று பொறுத்துக்கொண்டார். பொறுத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு அம்மாள் பின்னாலிருந்து, "ஐயோ, பிரேக்!" என்று அலறினாள். கால் தானாக மிதித்தது. பஸ் குலுங்கி நின்றது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால், பம்பருக்கு முன்னால் ஒரு வீல்சேர். இடையில் ஒரு கை வைக்கத்தான் இடம் இருந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் சிலையாக நின்றார். வீல்சேரில் இருந்த கிழவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"யோவ், கண்ணு தெரியலையா உனக்கு?"

பிறந்ததிலிருந்து எத்தனையோ பேர் இவரிடம் 'தூக்கமா' என்று கேட்டிருக்கிறார்கள். முதல்முறையாக ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டார்.

"தெரியலைங்க ஐயா," என்றார் டிரைவர். முகத்துக்கு நேரே மாமியார் கனிவாகச் சொன்னாள்: "நீங்கள் விழிப்புடன் ஓட்டுகிறீர்கள். நன்றி."

இரண்டு டேப்பையும் பிய்த்தார். இமைகள் தம் பழைய இடத்துக்கு இறங்கின. நாலு தடவை இமைத்ததும் உலகம் துலக்கமாக வந்தது. கிழவரின் சட்டைப் பையில் இருந்த பேனாவின் மூடிகூடத் தெரிந்தது. இறங்கிப் போய்க் கிழவரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வீல்சேர் எதிர்ப் பக்கம் ஏறும்வரை நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஓட்டுநரே, நீங்கள் தூங்குகிறீர்கள்."

கண்ணாடிக்காரர் சமாதானமாகச் சொன்னார். "விடுங்க சார், உங்க மேல தப்பில்ல. மோதப் போன நேரத்துல மெஷின் ஒண்ணுமே சொல்லல பாத்தீங்களா? அந்த வீல்சேர்காரர்தான் பாக்காம வந்திருக்காரு."

டிரைவர் வண்டியை எடுத்தார். கடைசி ஸ்டாப் வரை மாமியார் கத்தக் கத்த, ஒவ்வொருவரையும் பத்திரமாக இறக்கிவிட்டார்.

"காலையில நூத்துக்கு நூறு!" என்றார் மேனேஜர், இவர் உள்ளே நுழைந்ததுமே. "டிப்போவிலேயே நீங்கதான் முதல். அப்புறம் ஏன் சார் அப்படி இறங்கிடுச்சு?"

டிரைவர் சட்டைப் பையிலிருந்து சுருண்டுபோன டேப் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "நூத்துக்கு நூறு வாங்கினப்ப எனக்கு ரோடே தெரியல சார். ஒரு உயிர் போயிருக்கும்."

மேனேஜர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "இதுல அப்படி எதுவும் பதிவாகலையே."

"அதுதான் சார் நான் சொல்றேன்."

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, உங்களை விட்டுட எனக்கு மனசில்ல. மேல மார்க்கைத்தான் பாக்கறாங்க. நாளைக்கும் அதை ஒட்டிட்டு வாங்க. நான் பாக்கல, எனக்குத் தெரியாது."

டிரைவருக்கு இதைக் கேட்டதும் கோபம்கூட வரவில்லை. இந்த மனிதர் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"குருடனா ஓட்டினா வேலை உண்டு, கண்ணு தெரிஞ்சு ஓட்டினா இல்ல. அப்படித்தானே சார்?"

டிரைவர் பஸ் சாவியை எடுத்து அந்த டேப்புகளின் பக்கத்தில் வைத்தார். "யார்டுல கேமரா இருக்கா?"

"காலி வண்டிதானே. அங்க எதுக்கு?"

"நல்லது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கழுவுகிற பக்கத்தில் அவருடைய பஸ் ஈரம் சொட்ட நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். டேப் யோசனை தன்னுடையது என்று அழுதாள். "உன்மேல என்ன தப்பு?" என்று அவர்தான் தேற்ற வேண்டியிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூக்கமா என்று கேட்காமல், பள்ளியில் நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவர் 'ம்' கொட்டினார். எரிச்சலும் களைப்பும் கலந்து உடம்பு கனத்தது. கதை எங்கோ தூரத்துக்குப் போனது. பிறகு அது நின்றது.

"அம்மா, சத்தம் போடாதீங்க. அப்பா தூங்கிட்டாரு."

மனைவி எட்டிப் பார்த்தது அரைகுறையாகத் தெரிந்தது. "எப்பவும் போலத்தான்டி இருக்காரு. முழிச்சிருக்காரோ என்னவோ, எப்படிச் சொல்ற?"

"என்னம்மா நீங்க," என்றாள் மகள் அலுத்துக்கொண்டு. "பாத்தா தெரியாதா?"

அது காதில் விழும்போதே அவர் நிஜமாகத் தூங்கிப்போனார்.