ஒரே வீட்டுத் துணி

நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடினார்கள். கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக, கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொம்மையைக் கொடுத்தார்கள். அதற்குத் தலை இல்லை. வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

"இந்த வீட்டுல வாயில்லாத பொம்பளை இவ ஒருத்திதான்" என்றார் அப்பா.

அந்தப் பொம்மையை வைத்துத்தான் வியாபாரம் ஆரம்பித்தேன். உடுத்தி அலுத்த துணியை மற்றவர்கள் என்னிடம் தருவார்கள். நான் துவைத்து, தேய்த்து, பொம்மைக்குப் போட்டு, படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவேன். விற்கும்வரை துணி அவர்களுடையது. விற்றால் எனக்குப் பங்கு. விற்காவிட்டால் துணி திரும்பிப் போகும். 'மறுபடி' என்று பெயர் வைத்தேன். கடை என்பது பின்னறை. சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு, ஜன்னலோரம் பொம்மை, கதவுக்குப் பின்னால் தையல் மிஷின்.

"வருஷக் கடைசி வரைக்கும் பாரு. நிக்கலைன்னா பெரிய அண்ணன் சொன்ன மருந்துக்கடை வேலைக்குப் போயிடு" என்றார் அப்பா.

பத்து வருடத்துக்கு மேல் ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். இன்னொரு கவுண்டருக்குப் பின்னால் நிற்பதில்லை என்று இருந்தேன்.

கட்டடம் அப்பாவுடையது. கீழே அப்பாவும் நானும். முதல் மாடியில் சின்ன அண்ணன் குடும்பம். அதற்கு மேல் பெரிய அண்ணன் குடும்பம். அண்ணிகள் இருவருக்கும் பேச்சு இல்லை. காரணமும் ஒரு துணிதான். சின்ன அண்ணி ஒரு நாள் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பெரிய அண்ணி மேலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தக் கலர் உனக்கு எடுக்கலையே" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒருத்தி படியில் இருந்தால் மற்றவள் கதவைச் சாத்திக்கொள்வாள். சில வருடங்களாகக் கதவுகளுக்கு நல்ல வேலை.

முதலில் பெரிய அண்ணி வந்தாள். பைமேல் செய்தித்தாளைப் போட்டு மூடியிருந்தாள். உள்ளே நீலக் கோட்டு. இடது கை மடிப்பில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம்.

"யாருதுன்னு கேட்டா?"

"சொல்ல மாட்டேன் அண்ணி."

"கீழ் வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். துணி விக்கிற நிலைமைக்கு வந்துட்டான்னு பேசுவா."

சின்ன அண்ணி குப்பை கொட்டப் போகிறவளைப் போல வந்தாள். கறுப்புப் பைக்குள் மஞ்சள் கவுன். கழுத்துக்குப் பின்னால் ஒரு பொத்தான் மட்டும் வேறு. அவள் மகனுடைய சட்டைப் பொத்தான்.

"மேல் வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"தெரியாது அண்ணி."

"சத்தியமா?"

"இந்தப் பொம்மை மேல சத்தியம்."

கோட்டுக்குக் கீழே, 'பல் மருத்துவர் ஒருவர் உடுத்தியது' என்று எழுதினேன். கவுனுக்கு, 'பாட்டு ஆசிரியை ஒருவர் உடுத்தியது.' வாங்குகிறவர்களுக்குத் துணியைவிடக் கழற்றிப் போட்டவள் முக்கியம்.

முதல் ஆர்டர் மஞ்சள் கவுனுக்கு வந்தது. பெயர், தென்றல். முகவரி, பெரிய அண்ணனின் ஆபீஸ். இடுப்பில் தையலைப் பிரித்துவிட முடியுமா என்று கேட்டு அளவும் கொடுத்திருந்தாள் தென்றல். அந்த இடுப்பு எனக்குத் தெரியும். பிரித்துவிட்டேன். எடுக்கவில்லை என்று சொன்னவளுக்கு அந்தக் கவுன் இத்தனை நாளாகக் கண்ணிலேயே நின்றிருக்கிறது.

நீலக் கோட்டை வானம்பாடி என்று ஒருத்தி கேட்டாள். முகவரி, சின்ன அண்ணி முடி வெட்டிக்கொள்ளும் பார்லர்.

கூரியர்காரர் விவரமானவர்.

"அக்கா, இங்க பார்சல் எடுக்கிறேன். ஆபீஸ்ல உங்க அண்ணன் வாங்கிக்கிறாரு. சாயங்காலம் உங்க வாசல் வழியாவே மாடிக்குக் கொண்டுபோறாரு. நடுவுல நான் எதுக்கு?"

"மரியாதைக்கு" என்றேன்.

வெளியாட்களும் வாங்கினார்கள். ஒரு சட்டை, ஒரு பாவாடை. பாதி திரும்பி வந்தது. கடையைத் தாங்கியவர்கள் தென்றலும் வானம்பாடியும்தான். மேலே அலுத்தது கீழே போனது, கீழே அலுத்தது மேலே ஏறியது.

"அந்தப் பல் டாக்டர் டேஸ்ட்டே தனி" என்று சின்ன அண்ணி ஒரு நாள் என் போனைப் பார்த்துச் சொன்னாள். "மேல ஒருத்தி இருக்காளே, அவளுக்கு எந்த ஜென்மத்துல வரும்?"

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே வீடு ரெண்டுபட்டிருந்தது. கூத்தாடி நான்.

"நீதான் ரெண்டு வீட்டுக்கும் போக வர இருக்கே" என்றார் அப்பா. "ஒரு வார்த்தை சொல்லிச் சேர்த்து வைக்கக் கூடாதா?"

"நேரம் பார்த்துச் சொல்றேன்பா."

நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் தன் பிறந்தநாளுக்கு எல்லாரும் கீழே வந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். "வராதவங்க அடுத்த மாசத்துலேருந்து வாடகை கட்டட்டும்."

எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள்.

இருவரும் என்னிடம் வாங்கிய துணியிலேயே வந்து உட்கார்ந்தால் என் கடை அவ்வளவுதான். தென்றலுக்கு எழுதினேன்: 'தங்கள் கவுனில் தையல் குறை இருப்பதாக அறிகிறோம். திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருவோம்.'

பதில் உடனே வந்தது. 'அடுத்த வாரம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை இதை ஒருத்தி பார்க்க வேண்டியிருக்கிறது.'

வானம்பாடிக்கும் எழுதினேன். அவள் பதில் இன்னும் சிறியது. 'டாக்டர் கோட்டு. தர மாட்டேன்.'

ஞாயிற்றுக்கிழமை நல்ல புழுக்கம். சின்ன அண்ணி கோட்டைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். பெரிய அண்ணி மஞ்சள் கவுனில் உள்ளே வந்தாள். நிதானமாக வந்து, எல்லாரும் பார்க்கும்படி ஒரு முறை திரும்பி, பிறகு உட்கார்ந்தாள். திரும்பியதுதான் தப்பு. சின்ன அண்ணி கழுத்துப் பொத்தானைப் பார்த்துவிட்டாள். பெரிய அண்ணி கை மடிப்பில் இருந்த சூட்டுத் தடத்தைப் பார்த்துவிட்டாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினேன். யாரும் கேட்கவில்லை.

பெரிய அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கோட்டு எங்க வாங்கினது?"

"கடையில. புதுசு. உங்க கவுன்?"

"கடையிலதான். புதுசு."

ஒருத்தி குடுமி ஒருத்தி கையில் இருந்தது. இழுத்தால் இரண்டு தலையும் வரும். அண்ணன்கள் தட்டைப் பார்த்தார்கள்.

"அந்தக் கலர் உங்களுக்கு நல்லா எடுக்குதுக்கா" என்றாள் சின்ன அண்ணி.

பெரிய அண்ணி கொஞ்சம் விழுங்கினாள். "உனக்கும் கோட்டு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பைகள் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் நேராகப் போயின. ஒரு நாள் இருவரும் சேர்ந்தே என் அறைக்கு வந்தார்கள்.

"ஒரே வீட்டுத் துணிக்குக் கமிஷனா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"பல் டாக்டராம்!"

"பாட்டு டீச்சராம்!"

ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். தென்றலும் வானம்பாடியும் பிறகு எதுவும் வாங்கவில்லை. கூரியர்காரர் தெருவில் என்னைப் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போனார்.

"உன்னாலதான்மா ஒத்துமை வந்துது" என்றார் அப்பா. அதே மூச்சில், "மருந்துக்கடையில ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

முந்தின நாள் அண்ணிகள் மஞ்சள் கவுனோடு வந்தார்கள்.

"வேலைக்கு முதல் நாள் நல்லதா போட்டுட்டுப் போ. உனக்கு எடுப்பா இருக்கும்."

"உங்களுக்கே எடுப்பா இருந்துதே அண்ணி?"

"எங்க ரெண்டு பேருக்கும் அலுத்துப்போச்சு."

நான் பிரித்துவிட்ட தையலை நானே பிடித்தேன். போட்டுக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். திறந்த கதவு வழியாக, ஜன்னலோரம் வெறுமனே நின்ற பொம்மையைப் பார்த்தார்.

"அவளுக்கு இன்னும் நல்லா எடுத்துது" என்றார்.