பவுனம்மாள் கடை மான்கறி

ரங்கூனில் பசுந்தாங் கால்வாய்க் கரையில் இருந்த பவுனம்மாளின் சோற்றுக்கடையை நினைத்தாலே துறைமுகக் கூலிகளுக்கு நாக்கில் நீர் ஊறும். காரணம் மான்கறி. மழை கொட்டித் தீர்க்கிற மாதங்களிலும் அவள் அடுப்பில் மான் வெந்துகொண்டிருந்தது.

அந்த மாதங்களில் மானைச் சுடக்கூடாது என்பது சட்டம். மழை ஓய்ந்த பிறகு லைசென்ஸ் உள்ளவர்கள் சுடலாம். அதுவும் கொம்புள்ள கிடாவை மட்டும். முன்பெல்லாம் ஆளாளுக்குக் கண்டபடி சுட்டு, அக்கரைக் காட்டில் மானே அற்றுப்போயிற்று. கட்டுப்பாடு வந்த பிறகுதான் குட்டிகள் பிழைத்தன. கறி விற்றுக் காலம் தள்ளிய கிராமங்களும் பிழைத்தன. பவுனம்மாளுக்கு மான் கொடுக்கும் பர்மியர் கோ போ தெய்ன் அந்த லைசென்சை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்.

அப்படியானால் மழைக்கால மான்? வெள்ளாட்டுக் கறியைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையேற்றிப் பரிமாறினாள் அந்த மகராசி. கடைப் பேர் கெடக்கூடாதே. மழைக்கால மானுக்கே தனி ருசி என்று மேஸ்திரி பொன்னுத்துரை சப்புக்கொட்டுவார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் காட்டிலாகா இன்ஸ்பெக்டர் அப்துல் பாரி கடைக்குள் வந்து நின்றார். மான் கொடுத்தது கோ போ தெய்ன்தானே, அவன் லைசென்ஸ் இன்றோடு ரத்து என்றார்.

பவுனம்மாள் கரண்டியை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். கடை நிறையக் கூட்டம். உண்மையைச் சொன்னால் கடைப் பேர் போகும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போகும்.

"ஐயா, அது மானில்லீங்க. ஆடு."

இன்ஸ்பெக்டர் நம்பியிருப்பார். பொன்னுத்துரைக்குத்தான் பொறுக்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து, நாலு வருசமாகத் தின்கிறவனுக்கு மான் எது ஆடு எது என்று தெரியாதா, அக்கா பயத்தில் உளறுகிறது என்று அடித்துச் சொன்னார். கூட்டமும் ஆமாம் போட்டது. ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. ஹலால் அல்லாத கறியை அப்துல் பாரி தொடமாட்டார்.

பாழாய்ப்போன நாக்கு என்று மேஸ்திரியை மனதுக்குள் வைதபடி பவுனம்மாள் உள்ளே போனாள். சூப்புக்கு வைத்திருந்த ஆட்டுத்தலையைத் தாடியோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார். பொன்னுத்துரை இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

மழை ஓய்ந்தது. கோ போ தெய்ன் சட்டப்படி சுட்ட முதல் கிடாவைக் கொண்டுவந்தார். பவுனம்மாள் கொம்புத்தலையை எல்லோரும் பார்க்க வாசலில் மாட்டினாள். போன பேரை மீட்கிற ஆசையில் பார்த்துப் பார்த்துச் சமைத்து, முதல் இலையைப் பொன்னுத்துரைக்கே போட்டாள்.

அவர் வெகுநேரம் மென்றார்.

"கோவிச்சுக்காதக்கா. நாளைக்கு அந்தப் பழைய மானையே ஆக்கு."