இருநூற்றுப் பன்னிரண்டு கைகள்

அந்தக் கையில் தழும்பு இல்லை.

ஜெயப்பிரியா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பதினைந்து வயசுப் பெண்ணின் இடது முன்கை, திரை முழுக்க, ஜவுளிக்கடை பொம்மையின் கை மாதிரி வழுவழுவென்று கிடந்தது. பக்கத்தில் அவளுடைய படிவம். பெயர் சிநேகா, பத்தாம் வகுப்பு. 'அங்க அடையாளம்: இடது முன்கையில் சூடுபட்ட தழும்பு.' பள்ளிக்கூட டி.சி.யில் இருக்கும் அந்த வரியை ஆராய்ச்சிப் படிவத்தில் எதற்குச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் அதைப் படித்ததும் கிடையாது. ஜெயப்பிரியாவே இன்றைக்குத்தான் படித்தாள், அதுவும் காபி ஆறுகிற வரைக்கும் பொழுது போகட்டுமே என்று.

வலது கையைப் படமெடுத்துவிட்டார்களோ? அடுத்த பெண்ணைத் திறந்தாள். 'இடது மணிக்கட்டில் மச்சம்.' மச்சத்தைக் காணோம். அதற்கடுத்தது, 'முழங்கைக்குக் கீழே தையல் வடு.' வடுவும் இல்லை.

மூன்று பேருக்கும் சொல்லி வைத்தாற்போல் தோல் புதுசாக முளைக்குமா என்ன?

மணி பத்து ஐந்து. பதினொன்றரைக்கு மாமல்லபுரத்தில், கடலோர ஹோட்டல் அரங்கில், இதே சிநேகா மேடையேறி இறால் தின்னப் போகிறாள்.

செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்று துறைகள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. தோலில் ஒரு சொட்டு இறால் சாறு வைத்துக் குத்துவார்கள். ஒத்துக்கொள்ளாத உடம்பென்றால் கால் மணியில் அந்த இடம் கொசுக்கடி போலத் தடித்துச் சிவக்கும். அதை செல்போனில் படமெடுத்தால், நிறத்தைப் பார்த்து ஒவ்வாமை உண்டா இல்லையா என்று மென்பொருள் சொல்லிவிடும். மென்பொருள் ஜெயப்பிரியாவுடையது, முனைவர் பட்டத்துக்கான மூன்று வருஷ உழைப்பு. 'இல்லை' என்று வந்தும் அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லும் பிள்ளைகள் உளவியல் துறைக்குப் போவார்கள். அங்கே ஒரு சீட்டு எழுதிப் பள்ளிக்கு அனுப்புவார்கள்: 'உடலில் குறையில்லை. கவனம் ஈர்க்கும் நடத்தை.'

சிநேகாவுக்கு அந்தச் சீட்டு போய் நான்கு மாதம் ஆகிறது.

திட்டத் தலைவர் பேராசிரியர் கோதண்டராமனுக்கு அதுவும் போதவில்லை. திட்டத்தை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் குழு டெல்லியிலிருந்து வந்திருக்கிறது. அவர்கள் கண்ணெதிரே அந்தப் பெண் இறால் தின்று சிரிக்க வேண்டும், பயம் போய்விட்டது என்று மைக்கில் சொல்ல வேண்டும். அதுதான் இன்றைய கிளைமாக்ஸ்.

அவருக்குப் போன் போட்டாள். கட் செய்தார். மறுபடி போட்டாள். மறுபடி கட். 'உண்மையான அவசரம், சிநேகாவுக்குக் கொடுக்காதீர்கள்' என்று அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது.

அடுத்து ஆல்வின். பள்ளி பள்ளியாகப் போய்ப் படமெடுத்த களப்பணியாளன். இப்போது அரங்கில் புரொஜெக்டர் அவன் பொறுப்பு.

"ஆல்வின், அந்தப் போன்ல நீ என்ன பண்ணி வச்ச?"

"இன்னாக்கா, காலங்காத்தால?"

"தழும்பு இல்ல, மச்சம் இல்ல, எந்தக் கையிலயும் ஒரு புள்ளி இல்ல. என்ன பண்ண?"

"பியூட்டி மோடுக்கா."

"என்னது?"

"பொண்ணுங்க கைய நீட்டவே மாட்டேன்னுச்சுங்கக்கா. கருப்பா வுழும், கொப்பளமா வுழும், பசங்க பாத்தா கிண்டல் பண்ணுவானுங்கன்னு ஒரே அழுவ. பியூட்டி மோடு போட்டுக் காமிச்சேன். அப்பால க்யூல நின்னு நீட்டுச்சுங்க."

பருக்களையும் புள்ளிகளையும் துடைத்துத் தோலை மெழுகாக்கிக் காட்டும் வசதி. முகமா கையா என்று அதற்கென்ன தெரியும்? தோலாகத் தெரிந்ததையெல்லாம் துடைத்திருக்கிறது. தழும்பு போயிற்று. மச்சம் போயிற்று. எதைப் படமெடுக்கப் போனார்களோ அந்தத் தடிப்பும் போயிற்று.

"அறிவிருக்காடா உனக்கு? யாரக் கேட்டுப் பண்ண?" ஜெயப்பிரியா கத்திய கத்தலில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

"உங்களத்தான் கேட்டேன்." ஆல்வின் குரலிலும் இப்போது சூடு ஏறியது. "மொத மூணு போட்டோவ உங்களுக்குத்தானே அனுப்பினேன்? 'சூப்பர், செம கிளியர்'னு போட்டீங்க. எப்புடியாவது சம்மதிக்க வை, வெள்ளிக்கிழமைக்குள்ள இருநூறு தாண்டணும்னு போட்டீங்க. கட்ட வெரல் வேற போட்டீங்க. மேல தள்ளிப் பாருங்க, கீது."

மேலே தள்ளிப் பார்த்தாள். இருந்தது. கட்டைவிரல்.

யாரை அறைவதென்று தெரியாத கோபம்தான் கோபங்களிலேயே கேவலமானது. ஜெயப்பிரியா ஆறிப்போன காபியைக் குப்பைத்தொட்டியில் விசிறினாள்.

"நான் வர வரைக்கும் ஆரம்பிக்க விடாத. என்னமோ பண்ணு."

"நான் கான்ட்ராக்ட்டுக்கா! என்னிய தூக்கிக் கடாசிடுவாரு!"

"சாகறது அந்தப் பொண்ணுடா!"

ஒவ்வாமை மருத்துவப் பிரிவு அதே வளாகத்தில், இரண்டு கட்டடம் தள்ளி. ஓடினாள். குத்தும் வேலை முழுக்க நர்ஸ் மேரியுடையது. இருபத்தைந்து வருஷ சர்வீஸ். ஆஸ்பத்திரியே நடுங்கும் வாய்.

ஜெயப்பிரியா சொல்லி முடிக்கும்முன் மேரி மேஜை டிராயரை இழுத்து ஒரு தடி நோட்டை எடுத்துப் போட்டார்.

"இருநூத்திப் பன்னெண்டும் இதுல கீது. உன் கேமராக்காரன் போட்டோ புடிச்சிகினு போனதும் என் பேனாவ எடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச வேல இதான்."

பழைய முறை. தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, மேலே செலோடேப்பை அழுத்தி எடுத்தால் மை டேப்பில் வந்துவிடும். அதை நோட்டில் ஒட்டி அளந்து எழுத வேண்டும். மூன்று மில்லிமீட்டர் இருந்தாலே ஒவ்வாமை. நூற்று நாற்பதாம் பக்கத்தில் சிநேகா இருந்தாள். கோணல்மாணலான நீல வட்டம், எதிரில் மேரியின் குண்டு எழுத்தில் 'ஒன்பது'.

"சிஸ்டர், இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு சொல்லல? உன் கோதண்டராமன்கிட்ட நோட்டோட போயி நின்னேன். 'இத மியூசியத்துல வைங்க சிஸ்டர்'னாரு. சுத்தி இருந்த நீங்க எல்லாருந்தான் சிரிச்சீங்க." மேரி ஊசி மருந்துப் பெட்டியைத் தூக்கி ஜெயப்பிரியா கையில் திணித்தார். "மேடையில தின்னக் குடுப்பாங்கன்னு எனக்கு எவன் சொன்னான்? ஏறு வண்டியில."

அன்று சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்பது ஜெயப்பிரியாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேரியின் ஸ்கூட்டி திருக்கழுக்குன்றம் ரோட்டில் பறந்தது. ஒரு டிப்பர் லாரி வழிவிடாமல் உருட்டிக்கொண்டு போக, "உங்கப்பன் வூட்டு ரோடா?" என்று டிரைவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இடது பக்கம் மண்ணில் இறக்கி ஏற்றினார். பின்னால் ஜெயப்பிரியா ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் பெட்டியுமாக, பிடிக்க ஒன்றுமில்லாமல், பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்முன் பேராசிரியருக்குப் போட்ட பதினான்காவது அழைப்பும் கட் ஆகியிருந்தது.

பதினொன்று முப்பத்தெட்டு. அரங்க வாசலில் ஆல்வின் வியர்த்து நின்றான்.

"புரொஜெக்டர் வொயரு என் பேன்ட்டு பாக்கெட்ல கீதுக்கா. எல்லாரும் தேடிகினு கீறாங்க. இப்ப படமே வேணாம், நேரா டெமோவுக்குப் போலாம்னுட்டாரு. ஓடுங்க!"

உள்ளே ஏ.சி. குளிர். மேடையில் வெள்ளைத் துணி போட்ட மேஜை, நடுவில் எண்ணெய் மினுங்கும் நாலு வறுத்த இறால். ஸ்கூல் யூனிஃபார்மில் சிநேகா. பக்கத்தில் அவள் அம்மா, பெயர் வேண்டா, இறால் உரிக்கும் கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தவள், நல்ல புடவையில் கூசிப்போய் நின்றாள். மைக் கோதண்டராமன் கையில்.

"பயம் மனசுலதான் இருக்கு. சாப்பிடும்மா, சாப்பிடு."

"தின்னுடி," என்றாள் வேண்டா கெஞ்சலாக. "இவ்ளோ பெரிய மனுசங்க சொல்றாங்க."

சிநேகா ஒரு இறாலை எடுத்தாள். அவள் முகத்தில் பயமில்லை. வெறுத்துப்போன முகம் அது. செத்தாலாவது நம்புவீர்களா என்று கேட்கிற முகம்.

"கீழ போடு!"

ஜெயப்பிரியா மேடையேறியதை யாரும் பார்க்கவில்லை, சிநேகா கையிலிருந்த இறால் தெறித்து, தட்டும் தரையில் விழுந்து உடைந்ததைத்தான் பார்த்தார்கள். இறால் ஒன்று குழுவினரின் முதல் வரிசை வரைக்கும் உருண்டது.

கோதண்டராமன் மைக்கை மூடிக்கொண்டு சிரித்தபடியே பல்லிடுக்கில் பேசினார். "பைத்தியமா உனக்கு? அஞ்சு நிமிஷம், அப்புறம் வா."

"அஞ்சு நிமிஷத்துல இவளுக்குத் தொண்ட அடைச்சுக்கும் சார். ஒன்பது மில்லிமீட்டர். பாருங்க." நோட்டை அவர் மூக்குக்கு நேரே விரித்தாள்.

"மறுபடியும் அந்த நோட்டா? எறங்கு. உன் தீசிஸ் என் கையெழுத்துல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"அவசரத்துக்கு ஊசி எங்க சார் வச்சிருக்கீங்க?" கீழேயிருந்து மேரியின் குரல் அரங்கையே திரும்ப வைத்தது. "இருக்கா, இல்லையா?"

அவர் மைக்கை இன்னும் இறுகப் பொத்தினார்.

ஜெயப்பிரியா மைக்கைப் பிடுங்கினாள். "இந்தத் திட்டத்தோட போட்டோ எல்லாமே தப்பு. தோல அழகாக்கிக் காட்டுற மோடுல எடுத்தது. தடிப்பையெல்லாம் அழிச்சிடுச்சு. மொத மூணு போட்டோவப் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னது நான். நர்ஸ் அளந்த நிஜமான அளவு இந்த நோட்டுல இருக்கு. இத நாலு மாசம் முன்னாடியே சார்கிட்ட காட்டினாங்க. அவர் பாக்கல. நாங்க சிரிச்சோம்."

அரங்கம் சலசலத்தது. டெல்லிக்காரர் ஒருவர் எழுந்து நோட்டைக் கேட்டு வாங்கினார். மேரி அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார், திரும்ப வாங்கும் வரைக்கும் நகர்வதாயில்லை.

வேண்டாவுக்கு எல்லாம் புரிந்து முடிக்க அத்தனை நேரம் ஆயிற்று.

"அப்போ நெசமாவே அரிச்சிருக்குதா இதுக்கு?" யாரிடம் கேட்பதென்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். "நான் வேலைக்குப் போயி வந்து கட்டிப் புடிச்சா மூச்சு வாங்குதுன்னு கத்துவா. நடிக்காதடின்னு அடிச்சேன். நாலு மாசமா அடிச்சிகினு கீறேன். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னுதானேய்யா அடிச்சேன்!" கோதண்டராமனின் சட்டையைப் பிடிக்கப் போனவள், தன் கையைப் பார்த்து, அந்தக் கையாலேயே மகளைத் தொடவும் பயந்து பின்வாங்கினாள். சிநேகா அவள் பக்கம் திரும்பவேயில்லை.

கோதண்டராமன் பக்கக் கதவை நோக்கி நடந்தார், காதில் போனோடு. இப்போது மட்டும் போன் வேலை செய்தது.

ஜெயப்பிரியா நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அவசரமாக நாலு வரி எழுதிச் சிநேகாவிடம் நீட்டினாள். "ஸ்கூல்ல குடு. பழைய சீட்டு செல்லாது."

சிநேகா நின்று நிதானமாகப் படித்தாள். நன்றி சொல்கிற மாதிரி தெரியவில்லை.

"'தவறு நடந்துவிட்டது'ன்னு கீது. அதுபாட்டுக்கு நடந்துச்சா மிஸ்? யாரு பண்ணாங்கன்னு பேரே காணோம். என் பேர மட்டும் அன்னிக்கு முழுசா இன்ஷியலோட எழுதினீங்க. கிளாஸ்ல என்னிய எல்லாரும் நடிகைன்னுதான் கூப்புடறாங்க. பாத்ரூம் செவுத்துல கூட எழுதிக் கீது."

ஜெயப்பிரியா காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். மேரி தன் பேனாவை நீட்டினார். அந்த வரியை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். என்ன செய்தாள் என்று எழுதினாள். சிநேகா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, கோதண்டராமன் பெயரை எழுதினாள், அவர் என்ன செய்யவில்லை என்றும் எழுதினாள். அவர் கையெழுத்தில் இருந்த தன் மூன்று வருஷம் நினைவுக்கு வந்தது. எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"மிச்சம் இருநூத்திப் பதினோரு பேருக்கும் நோட்டப் பாத்து எழுதணும்," என்றார் மேரி.

"எழுதறேன் சிஸ்டர்."

சிநேகா காகிதத்தை மடிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். முன்கையில் சூடுபட்ட தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"நீங்களே வெச்சுக்குங்க. திங்கக்கிழமை ப்ரேயருக்கு வாங்க. அந்தச் சீட்ட மைக்லதான் படிச்சாங்க. இதையும் மைக்லதான் படிக்கணும்."

"வரேன்."

"ஒம்போது மணிக்கு. லேட்டா வந்தா கேட்ட சாத்திடுவாங்க," என்றாள் சிநேகா.