எஸ்பொல் வாசற்படியில் நின்ற இரண்டு வருடம் ஏழு மாதம்

சாரிதாலா நகர வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாசலில் அந்த நவம்பர் காலை இருந்தவர்கள் நான்கு பேர்: கட்டடங்களைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்யும் எஸ்பொல், அவர் மனைவி குல்பராம், காவலாளி கென்னாதி, முதல் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த பெய்சென்பாய். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் யாரும் அங்கே இல்லை. ஒன்பது மணி தாண்டிய சற்று நேரத்தில் எஸ்பொலின் வலது கால் வாசற்படிக்கு உள்ளேயும் இடது கால் வெளியேயும் ஒட்டிக்கொண்டன. இரண்டு வருடம் ஏழு மாதம் அவை அசையவில்லை.

எங்கள் வம்சத்தில் ஏழு தலைமுறையாக எந்த ஆணும் கையேந்தியதில்லை. எஸ்பொலும் அன்று கையேந்தப் போகவில்லை. யாரிடமும் சம்பளத்துக்கு நிற்காமல் சொந்தமாக ஒப்பந்தம் எடுத்து வேலை செய்தவர் அவர். வேலை இல்லாத காலத்துக்கென்று பதினொரு வருடம் தவறாமல் காப்பு நிதி கட்டியிருந்தார். இலையுதிர் காலத்தில் ஒரு ஒப்பந்தம் முடிந்தது. அடுத்தது வசந்தத்தில் வரலாம், வராமலும் போகலாம். இடைப்பட்ட மாதங்களுக்கான உதவித்தொகை அவருடைய உரிமை. அதைக் கேட்கத்தான் போனார்.

முதல் கவுண்ட்டருக்கு அந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த பெய்சென்பாய் அவருடைய சம்பந்தி என்பதுதான் சிக்கல். எஸ்பொலின் மகள் மொல்திர் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. எஸ்பொல் ஒரு காலை உள்ளே வைத்ததுமே சம்பந்தி எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, முறைப்படி கேட்டார்: "ஆடு மாடு, ஆளுங்க, தொழிலு, எல்லாம் சுகமா சம்மந்தி?"

எங்களிடம் வாசற்படியில் நிற்பது ஆகாது, வறுமை வரும். ஆனால் சம்பந்தி நலம் விசாரிக்கும்போது நடந்துகொண்டே பதில் சொல்வது அதைவிட ஆகாது. எஸ்பொல் நின்றார். ஆடு மாடு வைத்திராத நகரத்து மனிதர்களும் சொல்லும் பதிலையே அவரும் சொன்னார்: "ஆண்டவன் புண்ணியத்துல எல்லாம் இருக்கு சம்மந்தி. தொழிலுக்கு ஒரு குறையும் இல்ல." விண்ணப்பிக்க வருபவர் முதலில் வாய்திறந்து சொல்வதே வாக்குமூலம் என்பது அந்த அலுவலகத்தின் விதி. பெய்சென்பாய் விதியை மீறாதவர். உட்கார்ந்து, 'தொழில் உண்டு' என்று எழுதினார். அவர் பேனாவை மூடியபோது எஸ்பொலின் கால்கள் ஒட்டின.

கென்னாதி இடுப்பைப் பிடித்து இழுத்தார். குல்பராம் பின்னாலிருந்து தள்ளினார். இரண்டாவது நாள் ஒரு தச்சர் வந்து படியைத் தட்டிப் பார்த்து, மரம் நல்ல மரம் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவை மூட முடியாததால் அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, கம்பளித் திரை ஒன்றை எஸ்பொலின் உடம்பளவுக்கு வெட்டி மாட்டினார்கள். ஊழியர்கள் உரோமக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஜனவரியில் பனி இரண்டாவது கவுண்ட்டர் வரை வந்தது. எஸ்பொலின் மீசை வெளிப்பக்கம் நரைத்தது, உள்பக்கம் கறுப்பாகவே இருந்தது. கதவு நிலையில் சாய்வதும் எங்களிடம் ஆகாது என்பதால் அவர் குதிரையைப் போல நின்றபடியே தூங்கினார்.

"கதவுக்குக் கீல் மாதிரி ஆயிட்டீங்களே அண்ணே. கொஞ்சம் எண்ணெய் போடவா?" என்பார் கென்னாதி. எஸ்பொலே சிரிப்பார்.

விடுபடும் வழி முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பெய்சென்பாய் சாப்பிடப் போன நேரத்தில், "எனக்கு வேலை இல்ல" என்று எஸ்பொல் கென்னாதியிடம் மெல்லச் சொன்னார். வலது குதிகால் ஒரு விரல் உயரம் எழும்பியது. ஆனால் கென்னாதி எழுதிக்கொள்ளும் ஆள் இல்லை. குதிகால் இறங்கிவிட்டது. அவருக்காக குல்பராமே கவுண்ட்டருக்குப் போய்ச் சொன்னார். விண்ணப்பதாரர் தன் வாயால், முதல் கவுண்ட்டரிலேயே சொல்ல வேண்டும் என்றார்கள். சம்பந்தியிடமோ எஸ்பொலுக்கு வாய் வரவில்லை. உதவித்தொகை வாங்குபவரின் மகள் என்று புகுந்த வீட்டில் மொல்திரை ஒரு சொல் சொல்லிவிட்டால் அது எழுபது வருடத்துக்கு நிற்கும். பெய்சென்பாயும் கல் அல்ல. சம்பந்தியைப் பார்த்து 'உங்களுக்கு வேலை இல்லையா' என்று எந்த மனிதர் கேட்பார்? விசாரிக்காமல் இருப்பதும் அவமதிப்பு. ஆகவே ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். எஸ்பொல் அதே பதிலைச் சொன்னார். பெய்சென்பாய் தலை குனிந்து எழுதினார். கால் இன்னும் கொஞ்சம் இறுகியது.

வசந்தத்தில் ஒரு ஒப்பந்தம் அவரைத் தேடி அந்த வாசலுக்கே வந்தது. மருத்துவமனைக்குப் புதுக் குழாய் போட வேண்டுமாம். கால் வரவில்லை. வேலை இல்லை என்று சொல்லாததால் வேலைக்கும் போக முடியாமல் போயிற்று. ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. உதவித்தொகை கேட்டு வந்தவர்கள் அவருடைய கைக்கு அடியில் குனிந்து நுழைந்தார்கள், குனிந்து திரும்பினார்கள். குல்பராம் பகலில் ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைந்தார், மாலையில் இரண்டு வீடுகளில் தரை துடைத்தார். நடுவில் பால் விட்ட தேநீரும் கறிச்சாறும் கொண்டுவந்து அவருக்கு ஊட்டினார்.

"உங்க மானம் நின்னுக்கிட்டே இருக்கு. நான்தான் ஓடிக்கிட்டே இருக்கேன்" என்றார் ஒருநாள். எஸ்பொல் கறிச்சாற்றைக் குடித்து முடித்தார்.

கர்ப்பமாக இருந்த மொல்திரும் வந்து சொன்னாள்: "சொல்லித் தொலைங்கப்பா. என் மாமியார் ஒண்ணு சொன்னா நான் ரெண்டு சொல்லிக்கிறேன்." அவர் மகளின் நெற்றியை முகர்ந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்படி மூன்று குளிர்காலம் கழிந்தது. பேரன் பிறந்து, தவழ்ந்து, மூன்றாவது கோடையின் தொடக்கத்தில் எழுந்து நின்றான்.

எங்கள் வழக்கப்படி, நடக்கத் தொடங்கும் குழந்தையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, நல்லவர் ஒருவர் அறுத்துவிட வேண்டும். அறுப்பவரின் வழி எப்படியோ குழந்தையின் வழியும் அப்படி. தாத்தா வர முடியாததால் சடங்கை அலுவலக வாசலிலேயே வைத்தார்கள். எல்லாக் கவுண்ட்டர்களிலும் வேலை நின்றது. பெய்சென்பாய் கத்தியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து நீட்டினார். "நீங்கதான் அறுக்கணும் சம்மந்தி. தொழிலுக்குக் குறை இல்லாத கை."

இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு சம்பந்தி செய்ய முடியாது. எஸ்பொல் கத்தியைப் பார்த்தார். கயிறு கட்டிய சின்னக் கால்களைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேலை இல்ல சம்மந்தி. ரெண்டரை வருஷமா இல்ல. என் கால் இவனுக்கு வேண்டாம். வேற யாராவது அறுக்கட்டும்."

பெய்சென்பாய் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'தொழில் இல்லை' என்று எழுதினார். "ஓடினவ நான்தான். நான் அறுக்கிறேன், கொடுங்க" என்று குல்பராம் கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தார். குழந்தை தாத்தாவின் கால்களுக்கு நடுவே நுழைந்து வெளியே நடந்தான். எஸ்பொல் பூட்ஸிலிருந்து கால்களை உருவிக்கொண்டு, காலுறையோடு உள்ளே நடந்து போய்க் கையெழுத்துப் போட்டார்.

உதவித்தொகை நான்கு மாதம் வந்தது. ஐந்தாவது மாதம் ஒரு பள்ளிக்கூடத்தின் குழாய் வேலை கிடைத்தது. மொல்திரை மாமியார் ஒரு சொல் சொன்னார், அவள் இரண்டு சொன்னாள், அத்தோடு முடிந்தது. பூட்ஸ் இன்னும் அந்தப் படியில்தான் இருக்கிறது, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அவற்றுக்கு இடம் விட்டுக் கதவின் அடியை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். வருடத்துக்கு இருமுறை கென்னாதி மெழுகு தேய்க்கிறார்.

எஸ்பொல் அந்தச் சொல்லை யாருக்கும் கேட்காதபடி முணுமுணுத்தார் என்று சந்தையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். மூன்றாவது கவுண்ட்டர் வரை கேட்டது. மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள்.